நள்ளிரவில் இறங்கும் மலை

நிலச்சரிவு சொல்லாமல் வருவதில்லை. மலையும் சொல்கிறது, மழைமானியும் சொல்கிறது. சரிவுக்குக் கீழே உறங்குபவர்களின் கதவை அந்தச் சேதி நேரத்துக்குத் தட்டுவதில்லை என்பதுதான் சோகம்.

பெட்டிமுடியில் அன்று மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. மூணாறை அடுத்த ராஜமலைக்கு அப்பால் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழை நாள் கணக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் லயங்களுக்குள் முடங்கிக் கிடந்தன. 2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. இரவு பத்தே முக்கால் மணி வாக்கில், வெகு உயரத்தில் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து இறங்கியது. பாறையும் சேறும் வேரோடு பிடுங்கிய மரங்களும் கலந்த அந்தப் பிரவாகம், நான்கு வரிசை லயங்களை வழித்துக்கொண்டு போய் ஆற்றில் தள்ளியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறைகளுக்கு முன் கயத்தாறு சுற்றுவட்டாரத்திலிருந்து கொழுந்து பறிக்க மலையேறியவர்களின் வாரிசுகள்.

வெளியுலகுக்கு விஷயம் தெரிய மறுநாள் காலை ஆயிற்று. தப்பியவர்கள் நடந்தே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்தின் மாளின் கிராமத்தில் 2014 ஜூலை 30 அன்று நடந்ததும் இதே கதைதான். காலையில் வழக்கம்போல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்த அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் சேற்று மேட்டைத்தான் கண்டார். அவர் சொல்லித்தான் நிர்வாகத்துக்கே தெரிந்தது. அங்கே பலியானவர்கள் 151 பேர்.

அதே தேதியில், சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 அன்று பின்னிரவில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. காணாமல் போனவர்களையும் சேர்த்தால் சாவு சுமார் 300.

ஒவ்வொரு முறையும் ‘எதிர்பாராத இயற்கைச் சீற்றம்’ என்ற அறிக்கை தவறாமல் வருகிறது. நிபுணர்கள் இதை ஏற்பதில்லை. எந்த மலை சரியக்கூடியது, எவ்வளவு மழைக்குச் சரியும், சரிந்தால் எந்த வழியாக இறங்கும் என்பதையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தெரிந்துகொள்வதற்கும் ஆட்களை அப்புறப்படுத்துவதற்கும் இடையே உள்ள சில மணி நேரத்தில்தான் உயிர்கள் போகின்றன.

மணல் வீட்டுப் பாடம்

மலை ஏன் சரிகிறது? கடற்கரையில் மணல் வீடு கட்டும் குழந்தைக்குத் தெரிந்த பௌதிகம்தான். காய்ந்த மணல் நிற்காது. லேசாக ஈரம் பட்டால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுவர்போல் நிற்கும். வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் கரைந்து ஓடிவிடும்.

மலைச்சரிவில் உள்ள மண்ணைப் புவியீர்ப்பு விசை ஓயாமல் கீழே இழுக்கிறது. துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும் பிடிப்பும் அதைத் தாங்கி நிற்கின்றன. மழைநீர் இறங்கி இடுக்குகள் நிரம்பும்போது அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. இழுக்கும் விசை தாங்கும் விசையை மிஞ்சும் கணத்தில் சரிவு நகரத் தொடங்குகிறது.

எனவே ஒரு நாள் மழையை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு மூன்று நாள் பெய்து மண் நிறைந்துவிட்டது என்றால், அடுத்து வரும் சில மணி நேரக் கனமழையே போதும். முண்டக்கையில் இதுதான் நடந்தது. அருகிலுள்ள மழைமானியில் 48 மணி நேரத்தில் பதிவான அளவு 572 மி.மீ. சென்னை நகரம் பாதி ஆண்டுக்கு மேல் காத்திருந்து பெறும் மழை அது.

இமயத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் குணம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிப்பாறை மிகப் பழமையானது, கெட்டியானது. அதன்மேல் வெயிலிலும் மழையிலும் சிதைந்த மண் போர்வையாகக் கிடக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையை எட்டியதும் மேற்கொண்டு போக வழியின்றி, மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் வழுக்குப் பாதையை உண்டாக்குகிறது. போர்வை அப்படியே உருவிக்கொண்டு வருகிறது. கேரளத்தில் இதற்கு ‘உருள்பொட்டல்’ என்று பெயர். மலை வெடித்து உருண்டு வருகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். சில இடங்களில் நிலத்தடி நீர் மண்ணை உள்ளுக்குள்ளேயே அரித்துக் குழாய்போல் சுரங்கம் தோண்டுவதும் உண்டு. மேலே தோட்டம் பசேலென்று இருக்கும், அடியில் நிலம் பொத்தலாகியிருக்கும்.

இமயம் இளம் மலை. இந்திய நிலத்தட்டு வடக்கே முட்டுவதால் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. நொறுங்கிய பாறைகள், செங்குத்துச் சரிவுகள், அடிக்கடி நிலநடுக்கம். அங்கே இரண்டாவது ஆபத்து ஒன்றும் உண்டு. சரிந்த மலை ஆற்றை மறித்து அணையாகும், பின்னால் ஏரி தேங்கும், ஒரு நாள் அந்த மண் அணை உடைந்து கீழே உள்ள ஊர்களை அடித்துக்கொண்டு போகும். 1998 ஆகஸ்ட் 18 அன்று பின்னிரவில் பித்தோராகட் மாவட்டத்தின் மால்பாவில் மலை விழுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தபோது நாடே அதிர்ந்தது. இறந்தவர்களில் கைலாஷ் மானசரோவர் யாத்ரிகர்கள் சுமார் 60 பேர், ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடி அவர்களில் ஒருவர்.

பாதத்தை வெட்டினால்

மழையும் மலையும் அன்றும் இருந்தன. இன்று கூடியிருப்பது மனிதனின் கைவரிசை. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டுவது, புத்தக அடுக்கின் கீழிருந்து ஒன்றை உருவுவதற்குச் சமம். வெட்டிய மண்ணைச் சரிவிலேயே கொட்டுவது அடுத்த தவறு. இயற்கையான ஓடைகளை மூடி வீடு கட்டுவதும், கூரைத் தண்ணீரையும் கழிவுநீரையும் கால்வாய் இல்லாமல் சரிவில் விடுவதும் ஆண்டு முழுவதும் மண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கின்றன. மாளின் சரிவுக்குப் பிறகு, இயந்திரங்களைக் கொண்டு மலைச்சரிவைத் தட்டுத் தட்டாகச் சமன்படுத்தியதும் காரணமாகச் சுட்டப்பட்டது.

மரங்களை வெட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிடுவது வழக்கம். வேர்கள் மேல்மண்ணைக் கட்டிப்பிடிக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஆழமான சரிவுகளை வேர்களால் தடுக்க முடியாது. பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது இரவிகுளம் தேசியப் பூங்காவில். முண்டக்கையில் 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள். மேலே காடு இருக்கிறது என்பதால் கீழே உள்ள வீடு பத்திரம் என்று அர்த்தமில்லை. வீடு நிற்கும் இடம்தான் முக்கியம்.

பருவநிலை மாற்றமும் தன் பங்கைச் செய்கிறது. வயநாடு பேரழிவை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழுவான வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன், புவி வெப்பமடைந்ததால் அந்த ஒரு நாள் மழையின் கடுமை சுமார் 10 சதவீதம் கூடியது என மதிப்பிட்டது. நிறைந்த பாத்திரத்தில் பத்து சதவீதம் அதிகமாக ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும்?

ஒரு சென்டிமீட்டரில் ஒரு கிராமம்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி, பனி மூடிய பகுதிகள் நீங்கலாக நாட்டின் நிலப்பரப்பில் 12.6 சதவீதம், அதாவது சுமார் 4.2 லட்சம் சதுர கி.மீ. நிலச்சரிவு அபாயம் உள்ள பகுதி. இதில் வடகிழக்கு இமயமும் டார்ஜிலிங்-சிக்கிமும் 1.8 லட்சம். உத்தராகண்ட், இமாசலம், ஜம்மு-காஷ்மீர் 1.4 லட்சம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கொங்கணமும் 90,000. மீதி 10,000 கிழக்குத் தொடர்ச்சி மலையில்.

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023ல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, 1998 முதல் 2022 வரை நடந்த சுமார் 80,000 சரிவுகளைப் பட்டியலிட்டது. 147 மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தியதில் முதலிரண்டு இடங்கள் உத்தராகண்டின் ருத்ரபிரயாகுக்கும் டெஹ்ரிக்கும். வயநாட்டுக்கு 13ஆவது இடம். கேரளத்தின் மலைகளில் மக்கள் நெருக்கம் அதிகம். எனவே சிறிய சரிவுகூட அங்கே பல உயிர்களைப் பறித்துவிடும்.

ஆக, வரைபடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2014ல் தொடங்கி நாடு தழுவிய அளவில் புவியியல் ஆய்வுத் துறை தயாரித்த அபாய வரைபடங்களின் அளவு 1:50,000. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். ஒரு மாவட்டத்துக்குத் திட்டமிட இது போதும். இந்த லயத்தைக் காலி செய், அந்த லயம் இருக்கட்டும் என்று முடிவெடுக்கப் போதாது. ஒரு கிராமமே ஒரு விரல் நுனியில் மறைந்துவிடும்.

பட்டியலில் இல்லாத ஊரும் புதைவதுண்டு. மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் 2023 ஜூலை 19 இரவு இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பின்மேல் மலை விழுந்தது. 27 சடலங்கள் கிடைத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் தேடும் பணி கைவிடப்பட்டது. சரிவு அபாயமுள்ள கிராமங்களின் பட்டியலில் இர்ஷால்வாடி இடம்பெறவே இல்லை.

தமிழகமும் விதிவிலக்கல்ல. 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேர மழையில் நீலகிரியின் கேத்தி 820 மி.மீ. பெற்றது. குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மலை மாவட்டம் என்று யாரும் நினைக்காத திருவண்ணாமலையில், 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் பாறையும் மண்ணும் உருண்டு வீடுகளின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள்.

பதினாறு மணி நேரம்

இனி வயநாட்டுக்கு வருவோம். முண்டக்கையின் மலைக்கு இது முதல் சரிவு அல்ல. 1984ல் இதே வட்டாரத்தில் 14 பேர் மாண்டனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள புத்துமலையில் 17 பேர். 2024 சரிவின் தலைப்பகுதியில் ஏற்கெனவே ஒரு பழைய சரிவின் தழும்பு இருந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்தத் தழும்பிலிருந்து 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, ஆற்றின் வழியே எட்டு கி.மீ. தூரம் ஓடியது.

கல்பெட்டாவைச் சேர்ந்த ஹியூம் சூழலியல் மையம், மாவட்டம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளின் அளவுகளை நாள்தோறும் திரட்டி வந்தது. விவசாயிகளும் தன்னார்வலர்களும் அளந்து சொல்லும் எளிய ஏற்பாடு. 2020ல் இந்தக் கணக்கை வைத்து மையம் எச்சரித்தபோது முண்டக்கையில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரிவு வந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

2024ல் அதே மையம், சரிவுக்குச் சுமார் 16 மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. அதாவது ஜூலை 29ஆம் தேதி காலை. ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. மேலே புஞ்சிரிமட்டத்தில் சில குடும்பங்கள் மாலைக்குள் இடம் மாறித் தப்பின. ஆற்றங்கரைக் கடைவீதியும் தோட்டக் குடியிருப்புகளும் அப்படியே உறங்கப் போயின. வானிலைத் துறையின் எச்சரிக்கை அன்று வயநாட்டுக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சிவப்பாக மாறியது, எல்லாம் முடிந்த பிறகு, 30ஆம் தேதி காலையில்.

பின்னர் நடந்தது அரசியல். முன்பே எச்சரித்தோம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அப்படி ஓர் எச்சரிக்கை வரவில்லை என்று மாநில அரசு மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாதத்தில் ஒரு விஷயம் அடிபட்டுப் போயிற்று. நிற எச்சரிக்கை ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொது. சேற்று ஆறு இறங்கியதோ ஒரே ஓடையின் வழியாக. அந்த ஓடையோரக் குடும்பங்களிடம் “இன்றிரவு இங்கே படுக்காதீர்கள்” என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதற்குத்தான் பதில் இல்லை.

மீட்புப் பணியில் குறை சொல்ல முடியாது. சூரல்மலையில் அடித்துப் போன பாலத்துக்குப் பதிலாக ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் வீரர்கள் 190 அடி நீள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தார்கள். விழுந்தபின் ஓடிவரும் வேகம் நமக்கு இருக்கிறது. விழுமுன் அந்த வேகத்தைக் காணோம்.

தந்தி செய்த வேலை

முடியாத காரியம் அல்ல இது. 130 ஆண்டுகளுக்கு முன்பே இமயத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1893 செப்டம்பரில் கட்வாலின் கோனா என்ற இடத்தில் மலை விழுந்து, அலக்நந்தாவின் கிளையான பிரஹி கங்கையை அடைத்தது. சுமார் 900 அடி உயர மண் அணைக்குப் பின்னால் ஏரி பெருகியது. பொறியாளர் புல்ஃபோர்ட், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மத்தியில் ஏரி வழியும் என்று கணக்கிட்டார். கோனாவில் ஓர் அதிகாரி காவலிருந்தார். அங்கிருந்து ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. கரையோர மக்கள் மேட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. கட்வாலின் ஸ்ரீநகர் நகரமே துடைத்தெறியப்பட்டது. இறந்தவர்கள் ஐந்தே பேர், வெளியேற்றிய பிறகும் திரும்பி வந்துவிட்ட ஒரு பக்கிரியின் குடும்பம்.

செயற்கைக்கோள் இல்லை, கைத்தொலைபேசி இல்லை. ஆனால் பொறுப்பான ஓர் ஆள், நேரடியான ஒரு கம்பி, கேட்டதும் கிளம்பத் தயாராக இருந்த ஊர்கள். இந்த மூன்றும் இருந்தன.

கொங்கண் ரயில்வேயும் பட்டுத் தெரிந்துகொண்ட நிறுவனம். 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தத் தடத்தில் மழைக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை போட்டு ரயில்களின் வேகம் குறைக்கப்படுகிறது. ஆபத்தான வெட்டுப்பகுதிகளில் காவலர்கள் இரவு பகலாக நிறுத்தப்படுகிறார்கள். பயணம் தாமதமாகிறது, பயணி ஊர் போய்ச் சேர்கிறார்.

ஹாங்காங் இன்னொரு முன்மாதிரி. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு இடங்களில் சரிவு ஏற்பட்டு 138 பேர் இறந்தனர். 1977ல் சரிவுகளுக்கென்றே தனித் துறை உருவாக்கப்பட்டது. மனிதன் வெட்டிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டன. எது யார் பொறுப்பு என்று எழுதி வைக்கப்பட்டது. நெருக்கியடித்து வாழும் அந்த மலை நகரத்தில் சரிவுச் சாவுகள் அபூர்வமாகிவிட்டன.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் உணர்கருவிகளைப் புதைத்து, நீரழுத்தத்தையும் அசைவையும் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வருகிறது. 2017ல் பஸ்கள் புதைந்து 46 பேர் இறந்த இமாசலத்தின் கோட்ரோபியில், மண்டி ஐ.ஐ.டி. உருவாக்கிய மலிவு விலைக் கருவிகள் வைக்கப்பட்டன. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் வயநாடு புதைந்தது.

யார் சொல்லி யார் கேட்டது?

எச்சரிக்கைகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் ஒரு நோய். ஜோஷிமட் நகரம் பழைய சரிவு மண்ணின்மேல் நிற்கிறது, அங்கே கனமான கட்டடங்கள் கூடாது, பாறைகளை வெடிவைத்தோ தோண்டியோ அகற்றக் கூடாது என்று மிஸ்ரா குழு 1976லேயே சொன்னது. நகரம் வளர்ந்தது, ஓட்டல்கள் அடுக்கடுக்காக எழுந்தன, அருகிலேயே நீர்மின் திட்டச் சுரங்கம் தோண்டப்பட்டது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது.

2016ல் தொடங்கிய சார்தாம் சாலைத் திட்டம் சுமார் 900 கி.மீ. நீளம் கொண்டது. ஆனால் 100 கி.மீ.க்குக் குறைவான 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டதால், ஒட்டுமொத்தச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படாமல் போயிற்று. சாலையின் அகலத்தை 5.5 மீட்டருக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் 2020ல் உத்தரவிட்டது. ராணுவத் தேவையைக் காரணம் காட்டி மத்திய அரசு மீண்டும் அணுகியதும், எல்லைக்குச் செல்லும் மூன்று நெடுஞ்சாலைகளை அகலப்படுத்த 2021 டிசம்பரில் அனுமதித்தது. எல்லைக்கு நல்ல சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மழைக்காலத்தில் மண் விழுந்து அடைபடும் சாலையில் ராணுவ வண்டியும்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு விதம். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011ல் தந்த அறிக்கை, முண்டக்கை அமைந்துள்ள மேப்பாடி வட்டாரத்தையும் சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. கேரளத்தின் மலையோர விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். நிலத்தை விட்டு விரட்டப்படுவோம் என்ற பயம். முடிவுகளைக் கிராம சபைகளில் விவாதித்து எடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கையே சொல்லியிருந்தது. அந்த விவாதம் நடக்கவில்லை. கஸ்தூரிரங்கன் குழு எல்லையைச் சுருக்கியது. வரைவு அறிவிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகிக் காலாவதியாயின. ஆறாவது வரைவு வெளியான தேதி 2024 ஜூலை 31, முண்டக்கை புதைந்த மறுநாள்.

மலையின் பாஷை

கருவிகள் வராத ஊர்களிலும் மலை பேசத்தான் செய்கிறது. கேட்கத் தெரிந்தால் போதும்.

தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் விட்டு அது நாளுக்கு நாள் அகலமாவது. நேற்றுவரை சரியாக மூடிய கதவும் ஜன்னலும் இன்று இறுகிக்கொள்வது. மின்கம்பமும் வேலியும் மரமும் ஒரே பக்கம் சாய்வது. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, அல்லது வற்றாத ஊற்று சட்டென்று நின்றுபோவது. தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கி வருவது. இவையெல்லாம் நிலம் நகர்கிறது என்பதன் அடையாளங்கள்.

மிக ஆபத்தான அடையாளம், கொட்டும் மழையிலும் ஓடையில் தண்ணீர் குறைவது. வெள்ளம் வடிகிறது என்று நிம்மதி அடையக் கூடாது. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை மறித்திருக்கிறது, எந்த நேரமும் உடைத்துக்கொண்டு வரும் என்று அர்த்தம். உறுமல் சத்தமோ பாறைகள் மோதும் ஓசையோ கேட்டால் சாமான்களை எடுக்க நிற்கக் கூடாது. ஓடையின் திசையில் கீழ்நோக்கி ஓடுவதும் தவறு. ஓடைக்குக் குறுக்காகப் பக்கவாட்டில், உயரமான மேட்டுக்குப் போக வேண்டும். முதல் சரிவு நின்றதும் பொருள் எடுக்கத் திரும்புவது இன்னொரு தவறு. முண்டக்கையில் அந்த இரவில் ஒரு முறைக்கு மேல் மலை இறங்கியது.

விளக்கு வைக்குமுன்

தடுப்பு வேலைகளில் முதலிடம் கான்கிரீட் சுவருக்கு அல்ல, வடிகாலுக்கு. மழைநீரைச் சரிவின் தலையிலேயே பிடித்து, கல் பாவிய கால்வாய் வழியே பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டால் பாதி ஆபத்து குறையும். தாங்கு சுவர் கட்டினாலும் நீர் கசிந்து வெளியேறத் துவாரங்கள் வேண்டும். இல்லாவிட்டால் சுவரே அணையாகி, பின்னாலுள்ள மண்ணைக் கனக்கச் செய்து, அதோடு சேர்ந்து விழும். வெட்டிய சரிவுகளைப் படிப்படியாக அமைப்பது, இரும்புக் கம்பிகளை ஆணிபோல் மண்ணில் இறக்கி வலை போர்த்துவது, வெட்டிவேர் போன்ற ஆழ வேர்ப் புல்லை நடுவது என்று முறைகள் பல உண்டு. எல்லாச் சரிவுகளையும் இப்படிக் கட்டிப்போட எந்த அரசிடமும் பணம் இருக்காது. சில இடங்களில் மனிதர்கள் நகர்வதைத் தவிர வேறு வழியில்லை.

கீழே வாழ்பவர்கள் யார் என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்கள். மாளினிலும் இர்ஷால்வாடியிலும் ஆதிவாசிகள். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் டார்ஜிலிங் மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பலத்த அடிபட்ட மிரிக்கும் தேயிலை பூமிதான். லயம் தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். தன் வீடு எங்கே அமைய வேண்டும் என்று தொழிலாளியை யாரும் கேட்டதில்லை. வயநாட்டில் உயிர் பிழைத்தவர்களுக்காகக் கல்பெட்டாவின் எல்ஸ்டன் எஸ்டேட்டில் ஏழு சென்ட் மனைகளில் குடியிருப்பு அமைக்க 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதே நிலமும் இதே பணமும் சரிவுக்கு முன்பு ஒதுக்கப்பட்டிருந்தால் அது மறுவாழ்வாக இருந்திருக்காது, வாழ்வாகவே இருந்திருக்கும்.

நிரந்தர இடமாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மால்பா, பெட்டிமுடி, இர்ஷால்வாடி, முண்டக்கை. நான்கும் இரவில் நடந்தவை. பகலில் ஓடித் தப்பியிருக்கக் கூடியவர்கள் படுக்கையில் புதைந்தார்கள். எனவே முடிவு மாலைக்குள் எடுக்கப்பட வேண்டும். இத்தனை மி.மீ. மழையைத் தாண்டினால் விளக்கு வைக்குமுன் இந்த இந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போயாக வேண்டும் என்று ஊர்தோறும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அதற்குத் தேவை ஒரு மழைமானி, அதைப் படிக்க ஓர் ஆள், மின்சாரம் போனாலும் ஒலிக்கும் ஒரு மணி.

பத்து முறை கிளம்பச் சொன்னால் ஒன்பது முறை ஒன்றும் நடக்காமல் போகலாம். பிறகு யார் கிளம்புவார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆடு மாட்டையும் நாள் கூலியையும் விட்டுவிட்டு, கழிப்பறை வசதிகூட இல்லாத முகாமில் இரவைக் கழிக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதற்கும் வழி உண்டு. முகாமில் மானமாகப் படுத்தெழ இடம் கொடுங்கள், வெளியேறிய நாளுக்குக் கூலி கொடுங்கள். இறந்தபின் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் நிவாரணம் அறிவிக்க முடிகிற அரசுக்கு இந்தச் செலவு பெரிதல்ல.

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை மீண்டும் மலையேறும். மாவட்ட நிர்வாகங்கள் வழக்கம்போல் ஆய்வுக் கூட்டம் நடத்தி, அபாயப் பகுதிகளின் பட்டியலை வெளியிடும். அந்தப் பட்டியலில் ஊரின் பெயருக்கு எதிரே இன்னொரு பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். மழை எல்லை மீறிய மாலையில் அந்த ஊரின் கதவுகளைத் தட்டப்போகிறவரின் பெயர்.